உங்கள் டாக்டர் பாத்திரம் பற்றி

உங்கள் கதையில் டாக்டர் நோயாளியைப் பார்த்ததுமே நோயைச் சொல்லிவிடுகிறார், படித்தவர்கள் "மந்திரவாதி மாதிரி இருக்கிறார்" என்கிறார்கள், சரியா? அவர் கண்டுபிடிப்பது பிரச்சினையே இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸுக்கே, அந்தக் கதைகளை எழுதிய கோனன் டாயிலுக்கு எடின்பரோவில் பாடம் எடுத்த ஜோசப் பெல் என்ற டாக்டர்தான் முன்மாதிரி. ஆனால் உங்கள் டாக்டர் எதைப் பார்த்தார் என்பதை நீங்கள் வாசகருக்குக் காட்டவே இல்லை.

ஆங்கிலேய டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன், இன்று அவர் பெயரிலேயே அழைக்கப்படும் நடுக்குவாதம் பற்றி 1817-இல் எழுதியபோது அவர் கையில் இருந்தது ஆறே நோயாளிகள். அவர்களில் சிலரைத் தெருவில்தான் கவனித்திருக்கிறார். முன்னால் சாயும் உடம்பு, தானாக ஓட்டமாக மாறும் நடை என்று கண்ணில் பட்டதை அப்படியே எழுதினார். உங்கள் டாக்டருக்கும் அப்படி இரண்டு விவரம் போதும். மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்குகிறது. டம்ளரை எடுக்கப் போனதும் நடுக்கம் குறைகிறது. நோயின் பெயரை அப்புறம் சொல்லலாம், சொல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

இன்னொன்று, அவரைக் கொஞ்சம் சந்தேகப்பட விடுங்கள். டார்வின் வீட்டில் மண்புழுக்களுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கப் பியானோ வாசித்தார்கள். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்ததும் வளைக்குள் ஓடிவிட்டன. சத்தம் எட்டவில்லை, அதிர்வு எட்டியது. இவ்வளவு மெனக்கெட்டு மண்புழுவைப் பார்த்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் டாக்டரும் முதல் ஊகத்தில் தப்பு செய்து, மறுபடி ஒருமுறை பார்க்கட்டும்.

டாக்டர் நோயை விளக்கும் அந்த நீளமான வசனத்தை மட்டும் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.