‘கால் இட் எ டே’: முடித்தோமா, நிறுத்தினோமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “தமிழ்நாட்டிலிருந்து வந்து டர்பனில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. மாலையானால் மேலாளர் ‘லெட்ஸ் கால் இட் எ டே’ என்கிறார், எல்லோரும் பையை எடுக்கிறார்கள். நானும் ஓர் அறிக்கையை முடித்து அனுப்பும்போது ‘ஐ கால்ட் இட் எ டே’ என்று எழுதினேன். ‘அப்போ மீதியை யார் செய்வது?’ என்று பதில் வந்தது. எங்கே தவறு?”

தவறு ஒரே இடத்தில்தான். இந்தத் தொடர் வேலை முடிந்ததைச் சொல்வதில்லை. போதும், நிறுத்துவோம் என்ற முடிவைச் சொல்கிறது. மேசையில் பாதி வேலை அப்படியே கிடக்கலாம். நாம் ‘சரி, இன்னைக்கு இதோட போதும், கடையைக் கட்டலாம்’ என்கிறோமே, அதுதான். அறிக்கை முடிந்தது என்றால் ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட்’ என்றே எழுதுங்கள்.

இங்கே ‘கால்’ என்பது கூப்பிடுவது அல்ல, ‘என்று கணக்கு வை’ என்பது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘கால் இட் ஹாஃப் எ டே’ என்றுதான் புழங்கியது: செய்தவரை அரைநாளாக வைத்துக்கொள்வோம். 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் பாடுபட்டவர்களின் வழிவந்த நமக்கு நாள் கணக்கு, அரைநாள் கணக்கை விளக்கவா வேண்டும்!

பெரிய முடிவுகளுக்கும் இது பொருந்தும். டர்பனில் பிறந்த ஹஷிம் ஆம்லா 2019இல் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றார். ‘ஹீ கால்ட் இட் எ டே’ எனலாம். ஆனால் வேலையை விட்டு நீக்கப்பட்டவரைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடாது. முடிவு அவரவருடையதாக இருக்க வேண்டும். தோல்வியை ஒப்புக்கொண்டு விலகுவதற்கு, குத்துச்சண்டையிலிருந்து வந்த ‘த்ரோ இன் தி டவல்’ இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இங்குள்ள தொழிற்சாலைகளில் ‘சாய்லே டைம்’ என்று கேட்டிருப்பீர்கள். ஜூலுவில் அடிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மணி அடித்துவிட்டது, கிளம்பலாம் என்று அர்த்தம். அது கடிகாரம் சொல்வது; ‘கால் இட் எ டே’ நாம் சொல்வது. எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு இது.

‘எ டே’யை ‘தி டே’ ஆக்காதீர்கள். இரவு விருந்தில் கிளம்பும்போது ‘கால் இட் எ நைட்’ என்பார்கள். ராஜினாமா கடிதத்தில் இந்தப் பேச்சுவழக்குத் தொடர் வேண்டாம். சக ஊழியருக்கு எழுதும் மின்னஞ்சலில் தாராளமாக எழுதலாம். அடுத்த முறை பாதியில் நிறுத்தினால் மேலாளருக்கு இப்படி எழுதுங்கள்: ‘ஐ ஆம் காலிங் இட் எ டே. ஐ வில் ஃபினிஷ் தி ரெஸ்ட் டுமாரோ.’