மாடித்தோட்டம் கேள்வி-பதில்: நார்க்கழிவை அலசினீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேருக்கு ஒரே புகார்: செடி வளரவில்லை, இலை கருகுகிறது. அதற்கு நடுவில் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பால்கனியில் காலை மூன்று மணி நேரம்தான் வெயில். தக்காளி வைக்கலாமா? (மடிப்பாக்கம்)

வேண்டாம். செடி நெடுநெடுவென்று வளரும், காய் பிடிக்காது. காய்க்கிற எதற்கும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். உங்கள் பால்கனிக்குப் புதினா, பொன்னாங்கண்ணி, சிறுகீரை சரியாக வரும். சந்தையில் வாங்கும் புதினாக் கட்டில் தடித்த தண்டாக நாலைந்து எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு நடுங்கள். விதை தேடி அலைய வேண்டாம்.

வெண்டை வைத்தேன், சரியாக வரவில்லை. என்ன செய்வது?

எத்தனை நாள் செடி, எவ்வளவு வெயில், பையில் என்ன நிரப்பினீர்கள், இலையில் என்ன தெரிகிறது? எதுவுமே எழுதவில்லை. டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா? இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தூர் என்று மூன்று படம் எடுத்து, விவரத்தோடு எழுதுங்கள்.

வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாக வலை போலத் தெரிகிறது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா? (மதுரை)

இப்படிப் பார்த்து எழுதினால் உடனே சொல்லிவிடலாம். மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் நோய், மருந்து கிடையாது. இன்றே பிடுங்கி மாடியை விட்டு அப்புறப்படுத்துங்கள். மற்ற செடிகளில் வெள்ளை ஈ ஏறாமலிருக்க வேப்பெண்ணெய் அடிக்கலாம்: லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம்தான். போன மாதம் ஒருவர் 50 மில்லி ஊற்றி நடுப்பகலில் அடித்து மொத்தச் செடியையும் கருக்கிவிட்டார். அளவு என்று சொன்னால் அளவுதான்.

கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) கட்டியை ஊறவைத்து அப்படியே பையில் நிரப்பி மிளகாய் நாற்று நட்டேன். ஒரு மாதமாகியும் அரை அடி தாண்டவில்லை, இலை ஓரம் கருகுகிறது. யூரியா போடலாமா? (திருச்சி)

போடாதீர்கள். வேர் ஏற்கெனவே உப்பில் வெந்துகொண்டிருக்கிறது. யூரியாவும் போட்டால் இன்னும் மோசமாகும்.

தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். உவர்நீரில் ஊறிய மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் துகளை அழுத்திக் கட்டியாக்கி, ‘ஊறவைத்து நட்டுவிடுங்கள், மண்ணே தேவையில்லை’ என்று சொல்லி விற்கிறார்கள். நான் தோட்டம் தொடங்கிய வருடம் இந்தப் பேச்சை நம்பி இருபது பைகளை நிரப்பினேன். நாற்பது நாள் கழித்து ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், நாற்று வளர்க்கும் குழித்தட்டிலிருந்து எடுத்து நட்டபோது இருந்த வேர்க்கட்டி அதே வடிவத்தில் இருக்கிறது. ஒரு வேர்கூட வெளியே போகவில்லை, நுனியெல்லாம் பழுப்பு. இருபது பையும் வீண். அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் நான் கேட்பது: அலசினீர்களா?

ஐந்து கிலோ கட்டி ஊறினால் சுமார் 65 லிட்டர் வரும். பெரிய டிரம்மில் ஊறவிட்டு, ஓர் இரவு கழித்துத் துணியில் கொட்டிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இறங்கும். மறுபடி நல்ல தண்ணீர் விட்டுப் பிழியுங்கள். மூன்று முறையாவது செய்யுங்கள், தண்ணீர் வெளிறும் வரை. போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீட்டில் அதில் அலசிப் பயனில்லை, மழைநீர் பிடித்து வையுங்கள்.

அலசினாலும் வெறும் நாரில் செடிக்குச் சாப்பாடு கிடையாது. மக்காத நார் மக்கும்போது தழைச்சத்தையும் (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து நார்க்கழிவை மக்க வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தது. மாடிக்கு அவ்வளவு வேண்டாம். செம்மண் ஒரு பங்கு, அலசிய நார் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நன்றாகக் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, பத்து நாள் நிழலில் விட்டுப் பிறகு நடுங்கள். உங்கள் மிளகாயை வேர் அறுபடாமல் எடுத்து இந்தக் கலவைக்கு மாற்றுங்கள், பாதியாவது பிழைக்கும்.

இன்னொன்று. நார் கலந்த பையில் மேலே காய்ந்து வெளிறித் தெரியும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மாடி தாங்குமா? வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

நியாயமான பயம். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்று கணக்கிடுவார்கள். பன்னிரண்டு அங்குலப் பை நனைந்தால் 20 கிலோ. நெருக்கி வைத்தால் சதுர மீட்டருக்கு ஒன்பது பை, 180 கிலோ ஆகிவிடும். ஆகவே இடைவெளி விட்டு, சுவர் ஓரமாக, பீம் போகும் வரிசையில் வையுங்கள். பையைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், கீழே ஈரம் தேங்காது. பழைய கட்டிடம் என்றால் இன்ஜினியரிடம் காட்டிவிட்டுத்தான் எதுவும்.

சுரைக்காய்ப் பிஞ்சு எல்லாம் வெம்பி உதிர்கிறது. டானிக் ஏதாவது? (தாம்பரம்)

டானிக் வேண்டாம், மகரந்தம் சேரவில்லை. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், உங்கள் மாடிக்கு அந்த நேரத்தில் பூச்சி வருவதில்லை. ஆறு, ஆறரைக்கு ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை மடக்கிவிட்டு, பிஞ்சோடு இருக்கும் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். பூசணிக்கு இதையே விடிகாலையில் செய்ய வேண்டும்.

ஏப்ரலில் தொடங்கலாமா?

கலவை தயாரிக்கலாம், கீரை போடலாம். தக்காளி 35 டிகிரி தாண்டினால் பூவை உதிர்த்துவிடும். காய்கறிக்கு ஆடி வரை பொறுங்கள்.

கொத்தமல்லி முளைக்கவே இல்லை. மூன்று தடவை தண்ணீர் ஊற்றுகிறேன்.

மூன்று தடவையா? விரலை விட்டுப் பார்த்தீர்களா? தனியாவைப் பூரிக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, இரவு ஊறவைத்துத் தூவி, மேலே மெல்லிசாகக் கலவை போடுங்கள். பத்து நாளாகும். அதுவரை கிளறிப் பார்க்காதீர்கள்.