தூக்கிப் போட்டால் அழுகிறான்

கேள்வி: மகனுக்கு ஒரு வயதும் பத்து மாதமும். கோட்டையில் வேலை முடிந்து ரயிலேறி வெள்ளவத்தை வீட்டுக்கு வர இரவு ஏழு மணியாகிவிடும். ஆசையாகத் தூக்கி மேலே போட்டுப் பிடித்தால் வீரிட்டு அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடுகிறான். இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாலும் அப்படித்தான். “பிள்ளையை விடுங்கோ தம்பி” என்கிறா மாமி. நான் என்ன பிழை விடுகிறேன்?
- ஒரு தகப்பன், வெள்ளவத்தை

பதில்: மாமி சொல்வதில் பாதி சரி. பிள்ளையை விட வேண்டாம். அந்த இரண்டு விளையாட்டையும் விடுங்கள்.

கையைப் பிடித்துச் சுற்றுவதுதான் கூடுதல் ஆபத்து. ஒன்று முதல் நான்கு வயது வரை முழங்கை எலும்பைச் சுற்றியிருக்கும் நார் இன்னும் இறுகியிருக்காது. ஒரு வெட்டி இழுப்பிலேயே எலும்பு இலேசாக விலகிவிடும். வீக்கம் இருக்காது, பிள்ளை கையைத் தொங்கப் போட்டபடி அசைக்க மறுப்பான். அப்படியானால் எண்ணெய் போட்டு உருவாமல், வீட்டில் இழுத்துப் பார்க்காமல், உடனே வைத்தியரிடம் கொண்டு போங்கள். பெரும்பாலும் சில விநாடிகளில் சரிசெய்துவிடுவார். தூக்குவதென்றால் எப்போதும் அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்குங்கள். மேலே எறிவதில் கை தவறும் பயம் ஒன்று, சுழலும் மின்விசிறி இன்னொன்று. விளையாட்டுக்கென்றாலும் பிள்ளையைப் பிடித்து உலுக்கவே கூடாது.

அவன் அழுவதற்கு நேரமும் ஒரு காரணம். ஏழு மணிக்கு அவனுக்குக் களைப்பு, பசி, நித்திரை எல்லாம் நெருங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஆறடி ஆள் ஒருவர் மேலேயிருந்து குனிந்து தூக்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்? வந்ததும் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, சுவரில் சாய்ந்து நிலத்தில் இருங்கள். கூப்பிட வேண்டாம். அவனாக வரட்டும்.

தொடர்மாடி வீடென்றால் நிலம் டைல்ஸாக இருக்கும்; பாய் போதாது, மெத்தையை இறக்கிப் போடுங்கள். கூரான மூலையுள்ள மேசையைத் தள்ளி வையுங்கள். கைக்கடிகாரம், சேட்டுப் பையிலுள்ள பேனை, கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டை எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். பிள்ளையின் முகம் உங்கள் நெஞ்சில் வந்து மோதும்போது கீறுவது இவைதான்.

தொடக்கத்துக்குத் தள்ளு விளையாட்டு நல்லது. முழந்தாளில் நின்று, உங்கள் உள்ளங்கையை அவனுடைய உள்ளங்கையோடு வையுங்கள். அவன் தள்ளட்டும். ஒரு விநாடி தாக்குப் பிடித்துவிட்டு, “ஐயோ!” என்று மெத்தையில் மெதுவாகச் சாயுங்கள். பத்துத் தரத்தில் ஒன்பது தரம் தோற்க வேண்டியவர் நீங்கள். அவ்வளவு பெரிய அப்பாவை விழுத்த முடிகிறது என்பதுதான் அவனுக்குப் பெரிய சந்தோசம். அடுத்ததாக மல்லாக்கப் படுத்து முழங்கால்களை மடியுங்கள், மலை ஏறுவதுபோல் ஏறுவான். குதிரை விளையாட்டுக்கு அவனுடைய இடுப்பை அம்மா பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வயதில் பக்கவாட்டில் சறுக்கி விழுவார்கள். உப்பு மூட்டை தூக்கினால் அவன் பிடித்திருப்பான் என்று நம்பாமல், அவனுடைய தொடைகளை நீங்கள் பிடியுங்கள்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கையை எடுத்துவிட்டு அவனைப் பாருங்கள். திரும்ப ஓடி வந்தால் தொடருங்கள். முகத்தைத் திருப்பினால், உடம்பை விறைத்தால், கண்ணைக் கசக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். இதில் தகப்பன்மார் தவறுவது கிச்சுகிச்சு மூட்டும்போது. பிடிக்காவிட்டாலும் சிரிப்பு வரும், ஆகவே சிரிப்பை நம்பி நீட்டாதீர்கள். “நண்டூருது நரியூருது” பரவாயில்லை; விரல் எப்போது அக்குளுக்கு வரும் என்று அவனுக்கே தெரியும், வேண்டாமென்றால் கையை இழுத்துக்கொள்வான்.

சாப்பிட்ட கையோடு ஆட்டம் வேண்டாம், சத்தி எடுப்பான். பத்து, பதினைந்து நிமிடம் போதும். நித்திரைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதினொரு மணி வரை மூவருமே விழித்திருக்க வேண்டியதுதான். உற்சாகம் மீறிக் கடித்தால் ஏசாமல், “கடிச்சா நோகும்” என்று சொல்லி இறக்கி விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து வேகத்தைக் குறைத்துத் தொடங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தணிந்த பிறகு காலிமுகத்திடலுக்கோ விகாரமகாதேவிப் பூங்காவுக்கோ கூட்டிப் போங்கள். நீங்கள் துரத்தாமல் அவனைத் துரத்த விடுங்கள். சின்ன அடி வைத்து ஓடி, கடைசியில் பிடிபடுங்கள். திடலில் பட்டம் விடுகிறவர்களின் நூல் கழுத்து மட்டத்தில் வரும், அதில் மட்டும் கண் இருக்கட்டும்.

முதல் கிழமை தள்ளு விளையாட்டை மட்டும் செய்து பாருங்கள். குதிரையும் மலையும் அவன் கேட்டு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.