கார் கேள்வி – பதில்: தேய்ந்தது பேடா, கெட்டது ஆயிலா?

கேள்வி: சென்ற மாதம் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்விட்டுப் பாபநாசம் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது, பிரேக் பெடல் பஞ்சை மிதித்ததுபோல் உள்ளே அமிழ்ந்துவிட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஒருவாறு ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி ஆகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பேட் மாற்றச் சொல்கிறார்கள். சிறிய கார், வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன, 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாற்றிவிடலாமா?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: முதலில் அவர்களிடம், பின்சக்கரத்தில் பேட் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் பக்கம் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில்தான் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) அதை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் பேடும் உண்டு. பின்சக்கரத்தில் டிரம்மும், அதன் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் ஷூவுமே இருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமலே சொல்லிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

பேட் தேய்ந்த காரில் பெடல் இப்படி அமிழ்ந்து, ஆறியதும் தானாக மீண்டுவிடுவதில்லை. உங்கள் காரில் கொதித்தது பிரேக் ஆயில் என்றே நினைக்கிறேன். ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அன்று. காற்றிலிருக்கும் ஈரத்தை நாள்தோறும் சிறுகச் சிறுக உறிஞ்சிக்கொள்ளும் ஒரு திரவம். புதிய டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கின் சூடு ஆயிலுக்கு ஏறி, குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம் என்பதால் நீங்கள் மிதித்த மிதி அத்தனையும் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழ் அடங்கிப் பெடல் நிமிர்ந்துவிடுவதால், வண்டி சரியாகிவிட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம். பேடே சூடேறிப் பிடிப்பை இழந்திருந்தால் அடையாளம் வேறு: பெடல் கல்லாக நிற்கும், வண்டிதான் நிற்காது.

ஆகவே இப்போது மாற்ற வேண்டியது ஆயிலை. அதுவும் டப்பாவில் மேலாக ஊற்றி நிரப்புவது போதாது, பழையது முழுவதையும் நான்கு சக்கரங்களின் வழியாகவும் வெளியேற்ற வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது. உங்கள் காரில் ஐந்து ஆண்டுகளாக ஒரே ஆயில் கிடந்திருக்கக்கூடும். அதை மாற்றும்போதே குழாய்களில் கசிவு இருக்கிறதா என்றும், பெடல் மிதியை ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது முடியும் வரை மலைப்பக்கம் போக வேண்டாம். பேடை நீங்களே பார்க்கலாம்: முன்சக்கர வளையத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்தால் டிஸ்க்கை ஒட்டி இரும்புத் தகடும், அதன்மேல் ஒட்டிய கரிய பொருளும் தெரியும். அந்தக் கரிய பகுதி 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இறக்கத்தில், ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை அந்தச் சாலையில் நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். ஏழு ஆண்டுகளில் என் கார் 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டயரில் பட்டன், அதாவது சாலையில் படியும் மேட்டுத் தடம், நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் நான்கையும் மாற்ற வேண்டும் என்று மகன் சொல்கிறான். அது வீண் செலவு அல்லவா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தங்கள் மகன் சொல்வதே சரி. பட்டனின் உயரம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று எல்லை உண்டு. பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேட்டின் மட்டத்துக்குப் பட்டன் வந்துவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள். ஆனால் ரப்பர் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை, வயதாலும் வெயிலாலும் இறுகிப்போகிறது; பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 1618 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 16ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. அதன் அருகே விரல் நகத்தால் அழுத்தும்போது மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறந்தால், அந்த டயரோடு நான்குவழிச் சாலையில் மதுரைக்குப் போகாதீர்கள். புது டயர் வாங்கும்போதும் அதே நான்கு இலக்கங்களைப் பார்த்தே வாங்குங்கள். ஸ்டெப்னிக்கும் வயது ஏறியிருக்கும். அதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: 2008ஆம் ஆண்டின் சான்ட்ரோ கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லை. சத்தம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் விற்றவர்.
– வாசகர், தென்காசி

பதில்: எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குவது சில கார்களில் செயின், சிலவற்றில் பெல்ட். சத்தம் கொடுப்பது செயின். உங்கள் காரில் இருப்பது பல் வைத்த ரப்பர் பெல்ட். அது அறுகிற நிமிடம் வரை வாய் திறக்காது. என் பழைய கார் ஒன்று கங்கைகொண்டானைத் தாண்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கை ஊதி அணைத்ததுபோல் நின்றது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாகவும் வேகமாகவும் சுற்றியதே தவிர, எஞ்சின் பிடிக்கவில்லை. எனக்கு விற்றவரும் பெல்ட்டை மாற்றியாயிற்று என்றுதான் சொல்லியிருந்தார். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும்; பெல்ட்டுக்கான செலவு அந்தச் செலவுக்கு முன் ஒன்றுமில்லை. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். உறையைக் கழற்றியிருக்கும்போதே தண்ணீர் பம்ப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இரட்டைக் கூலி மிச்சம்.

கேள்வி: ஏர் ஃபில்டரை மெக்கானிக் மாற்றச் சொல்கிறார். கையேட்டில் உள்ள கிலோமீட்டர் இன்னும் ஆகவில்லையே?
– வாசகர், பணகுடி

பதில்: அந்தக் கணக்கு சாதாரணச் சாலைக்கு. தூசு மிகுந்த இடங்களுக்கு அதைவிடக் குறைந்த தூரத்தைக் கையேடே தனியாகச் சொல்லியிருக்கும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று செம்மண்ணை வாரி இறைக்கும் உங்கள் ஊருக்கு அதுதான் கணக்கு. ஃபில்டரை வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். மடிப்புகளின் வழியே வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றிவிடலாம். தெரிந்தால், குறைந்த அழுத்தக் காற்றால் ஊதி மாட்டிக்கொள்ளுங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. ஊதுவதும் சுத்தமான உள்பக்கத்திலிருந்து வெளியே ஊத வேண்டும். மாற்றி ஊதினால் மண் காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்துவிடும்.