செங்கோட்டை பத்திரம் மலையாளத்தில் இருந்தால் போலியா?

அண்ணாச்சி, செங்கோட்டை வயலுக்கு உங்கள் தாத்தா வைத்திருந்த பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது, ஆண்டு 1112 கன்னி என்று போட்டிருக்கிறது, விலை சக்கரத்தில் இருக்கிறது, அதனால் போலி என்று புரோக்கர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்த மூன்றை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லவே முடியாது.

அன்று செங்கோட்டை, இன்றைய தென் கேரளத்தை ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்துத் தென்காசியோ வெள்ளைக்காரன் ஆண்ட திருநெல்வேலி ஜில்லா. எங்கள் ஆச்சி கடைசி வரை செங்கோட்டையை "மலையாளத்துச் சீமை" என்றுதான் சொல்வார்கள். 1112 என்பது கொல்லம் ஆண்டு, கன்னி நம் புரட்டாசி, 824-ஐக் கூட்டினால் 1936. சக்கரம் அந்த ஊர் நாணயம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு சேர்த்தார்கள். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1953-ல் ஆந்திரா பிரிந்ததும் மற்றவர்களும் மொழிவாரி மாநிலம் கேட்டார்கள், அப்புறம் மாநில எல்லைகளைத் திருத்திச் சொல்லப் பசல் அலி ஆணையம் வந்தது, 1956 நவம்பர் 1-ல் நம் செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது (தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போய் நமக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை). 2019 முதல் தென்காசி மாவட்டம்.

சரி, பழைய மலையாளக் கையெழுத்து படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து முழுவதையும் தமிழில் எழுதி வாங்குங்கள். இப்போதைய பட்டா, சர்வே எண், வில்லங்கச் சான்று மூன்றையும் அதோடு ஒத்துப் பாருங்கள். வக்கீலிடமும் நகலைக் காட்டினால் போதும், மூலப் பத்திரத்தை மட்டும் அந்த புரோக்கர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.