தூதர் கேட்ட கோதுமை

கே: அறுபதுகளில் ரேஷனில் போட்ட அமெரிக்கக் கோதுமையைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ராகிக் களி தின்ற ஊருக்கு அதை அனுப்பிய அமெரிக்கத் தூதர் யார்?
– வாசகர், பென்னாகரம்

ப: அப்போது டெல்லியில் தூதராக இருந்தவர் செஸ்டர் போல்ஸ். அனுப்பியவர் என்பதைவிட, அனுப்பச் சொல்லி மன்றாடியவர் என்பதே சரி.

கோதுமை வந்த வழி இது: பி.எல்.480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டதும், இத்தனை டன் வாங்கலாம் என்று வாஷிங்டன் அனுமதி தரும். அங்குள்ள நம் அதிகாரிகள் வியாபாரிகளிடம் வாங்கிக் கப்பலேற்றுவார்கள். கப்பல் வர ஒரு மாதத்துக்கு மேல். பிறகு சரக்கு ரயில், கிடங்கு, கடை. 1965 நடுவில் ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அனுமதிக்கத் தொடங்கினார். விவசாயத்துக்கு இந்தியா கூடுதலாகச் செலவிட வேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை நாம் கண்டித்தது இன்னொன்று. அங்கே அனுமதி இரண்டு வாரம் தள்ளிப்போனால், இரண்டு மாதம் கழித்து இங்கே இரண்டு வாரம் கடையில் மூட்டை இருக்காது. 1966-ல் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி செய்த நாட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை. போல்ஸ் விடாமல் தந்தி அடித்தார். சாவி வெள்ளை மாளிகையில் இருந்தது.

கைக்கு எட்டிய இடத்தில் அவர் தயங்கவில்லை. 1967 மார்ச்சில் ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானா தஞ்சம் கேட்டு தூதரகத்துக்குள் வந்து நின்றபோது, அன்றிரவே ரோமுக்கு விமானமேற்றிவிட்டார்.

1901-ல் பிறந்த போல்ஸ், விளம்பர நிறுவனம் நடத்தியவர். பிறகு கனெக்டிகட் ஆளுநர். (அங்கே அது தேர்தலில் ஜெயித்து வரும் பதவி.) 1950-ல் தோற்று, அடுத்த ஆண்டு டெல்லிக்கு வந்தார். 1953 வரை முதல் முறை. 1963 முதல் 1969 வரை இரண்டாம் முறை. தொகுப்பு வீட்டுக்கு மனு கொடுக்கப் போகிறீர்களே, அந்த பிளாக் ஆபீசின் தொடக்கம் 1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம். சுமார் 100 கிராமத்துக்கு ஒரு பிளாக், ஐந்து கிராமத்துக்கு ஒரு கிராம சேவக் (கிராம ஊழியர்) என்பது அன்றைய கணக்கு. திட்டம் நம்முடையது; அதற்கு அமெரிக்கப் பணம் வர, முதல் முறை தூதராக இருந்தபோது வழி செய்தவர் போல்ஸ்.

கே: அந்தக் கோதுமை இலவசமா?
– வாசகர், ஊத்தங்கரை

ப: பெரும்பகுதி விலைக்குத்தான், ஆனால் டாலரில் அல்ல, ரூபாயில். அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இங்கேயே குவிந்தது. 1974 பிப்ரவரியில் அப்போதைய தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையாக எழுதி இந்தியாவிடமே கொடுத்தார்.