திருத்தியவரின் தடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விக்கிபீடியாவில் பார்த்தேன் என்று சொன்னாலே என் பேராசிரியர் முகம் சுளிக்கிறார். "யார் வேண்டுமானாலும் எழுதுகிற இடத்தை எப்படி நம்புவது?" என்கிறார். நிபுணர்களே எழுதும் தளங்களும் இருக்கின்றனவே, அவை மேல் இல்லையா? பயனர்களே எழுதித் திருத்தும் இந்தத் தளங்களை ஒப்பிட்டு, எதற்கு முதலிடம் என்று சொல்ல முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

பரிசு கொடுக்கும் வேலை எனக்கு வேண்டாம். எதை வைத்து ஒப்பிடுவேன் என்று மட்டும் சொல்கிறேன்.

நிபுணர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். விக்கிபீடியாவைத் தொடங்கியவர்கள் அதற்கு முன், 2000இல், நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தை நடத்தினார்கள். நிபுணர்கள் எழுதி, ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டினால்தான் கட்டுரை வெளிவரும். முதல் ஆண்டில் தேறியவை இருபது சொச்சம். அதற்கு வரைவு தயாரிக்கும் எடுபிடியாக 2001 ஜனவரியில் வந்ததுதான் விக்கிபீடியா. எடுபிடி வளர்ந்தது, முதலாளி 2003இல் கடையைக் கட்டினார். கூகுள் நடத்திய நோல் என்ற தளம் வேறு வழியில் போனது. எழுதியவர் பெயர் மேலே இருக்கும், விளம்பர வருமானத்தில் பங்கும் உண்டு. ஆனால் ஒரே தலைப்பில் பல கட்டுரைகள் இருக்கலாம், எது சரி என்று வாசகர்தான் முடிவு செய்ய வேண்டும். 2008இல் திறந்தது, 2012இல் மூடிவிட்டார்கள். நிபுணர்கள் எழுதும் ஸ்காலர்பீடியா என்ற தளம் இன்றும் இருக்கிறது. நரம்பியல் போன்ற சில துறைகளில் அருமையான கட்டுரைகள் உண்டு, அந்தத் துறைகளை விட்டு வெளியே வந்தால் காலியிடம்தான்.

பிழைக் கணக்கும் ஒருமுறை எடுத்தார்கள். 2005இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தையும் விக்கிபீடியாவையும் துறை வல்லுநர்களிடம் கொடுத்தது. விக்கிபீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிகாவில் 123. ஆய்வு முறையே தவறு என்று பிரிட்டானிகா கடுமையாக மறுத்தது. விக்கிபீடியாக்காரர்களோ அந்தப் பட்டியலை அப்படியே ஒரு பக்கத்தில் போட்டு, ஒவ்வொன்றாகத் திருத்தி, திருத்தியதைக் குறித்தும் வைத்தார்கள். எனக்கு அந்த எண்களைவிட இந்தப் பக்கம்தான் முக்கியம்.

ஏனென்றால் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. நேற்று இங்கே என்ன எழுதியிருந்தது, அதை மாற்றியது யார் என்று பார்க்க முடிகிறதா?

ஏதாவது ஒரு விக்கிபீடியா கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரி. அதில் நேரம், பயனர் பெயர், அளவு எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்ற எண். கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. பத்தி பத்தியாக அழிக்கிறவன் பெரிய சிவப்பு எண்ணோடு அங்கேயே மாட்டிக்கொள்வான். நான் பயப்படுவது சாம்பல் நிறத்தில் நிற்கும் பூஜ்யத்துக்குத்தான். 1887 என்பதை 1878 ஆக்கினால் அளவு மாறாது, 0 என்றுதான் காட்டும், கண்ணும் தாண்டிப் போய்விடும். ஒரு ஆற்றின் நீளம் இப்படி ஓர் இலக்கம் மாறி நின்றதை ஒருமுறை பார்த்தேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அந்த ஓர் இலக்கம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தது.

மற்ற தளங்களையும் இதே கேள்வியோடு பாருங்கள். திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபிக்கு நாம் தகவல் அனுப்பலாம், அவர்கள் சரிபார்த்துப் போடுவார்கள். ஆனால் நேற்றைய பக்கம் நம் கண்ணுக்குக் கிடைக்காது. நிரலாளர்கள் கேள்வி பதில் எழுதும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதிலின் பழைய வடிவங்கள் எல்லாம் கிடைக்கும். அங்கே சிக்கல் வேறு: என்றோ வாங்கிய ஓட்டுகளின் பலத்தில், காலாவதியான பதில் இன்னும் மேலே உட்கார்ந்திருக்கும். பயனர்களே வரையும் வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் எனக்குப் பிடித்தது. நீங்களே நடந்து போய்ப் பார்த்த பாதைதான் அங்கே சான்று. அதே நேரடி அனுபவத்தை விக்கிபீடியாவில் எழுதினால், மேற்கோள் எங்கே என்று கேட்டுத் தூக்கிவிடுவார்கள். இரண்டும் பொதுமக்கள் திருத்துவதுதான், ஆனால் சான்று என்றால் என்ன என்பதில் இரண்டும் நேர் எதிர்.

சரி, மேற்கோள் இருந்தால் போதுமா? போதாது. 2008இல் ஒரு மாணவர் விளையாட்டாக, கோவாட்டி என்ற விலங்குக்குப் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்ற பெயரும் உண்டு என்று விக்கிபீடியாவில் சேர்த்துவிட்டார். அப்படி ஒரு பெயரே கிடையாது. செய்தித்தாள்கள் அதைப் பார்த்து எழுதின. அப்புறம் அந்தச் செய்திகளே விக்கிபீடியாவில் அந்தப் பெயருக்கு ஆதாரமாக வந்து சேர்ந்தன. பொய் ஒரு சுற்று சுற்றி, கையில் சான்றிதழோடு வீடு திரும்பிவிட்டது. 2014இல் குட்டு வெளிப்படும்வரை அது ஓடியது.

அதனால் பேராசிரியரிடம் விக்கிபீடியாவின் பெயரையே எடுக்காதீர்கள். அடிக்குறிப்பு காட்டும் நூலையோ கட்டுரையையோ தேடிப் படித்து, அதைச் சொல்லுங்கள். படிக்கும் முன் ஒரு சின்ன வேலை. அந்த அடிக்குறிப்பின் தேதியைப் பாருங்கள், பிறகு வரலாற்றுப் பக்கத்தில் அந்த வாக்கியம் என்றைக்கு உள்ளே வந்தது என்று பாருங்கள். சான்று வாக்கியத்துக்குப் பிறகு பிறந்திருந்தால், அதைவிடப் பழையது ஒன்று கிடைக்கும்வரை அந்த வாக்கியத்தைத் தொடாதீர்கள்.